ஓடைக்கரைப்பட்டிக்கு நோய் வந்த வழி

ஓடைக்கரைப்பட்டிக்கு நோயைக் கொண்டுவந்தவள் சண்முகத்தாய்தான் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இரண்டாம் அலை அடித்த சித்திரை, வைகாசியில் ஊரே கூடாமல் கூடி முடிவு செய்துவிட்ட விஷயம் அது. கோம்பையை ஒட்டி மலையடிவாரத்தில் கிடக்கும் சின்ன ஊர். பெண்களில் பாதிப்பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். கேரளாவில் நோய் கூடுதல் என்று டிவியில் தினமும் சொன்னார்கள். மலைக்குப் போனவர்களில் முதலில் காய்ச்சலில் படுத்தது சண்முகத்தாய். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அவள் மகள் அபிதாவும் அப்படித்தான் நம்பினாள். அப்போது அவள் உத்தமபாளையத்தில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மூடிக்கிடந்ததால் வீட்டில்தான் இருந்தாள். அப்பா முத்துக்கருப்பனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. ஒற்றைப் பெண் என்பதால் இரண்டு பேருமே அவளை அடுப்படிப் பக்கம் விடாமல் படிக்க வைத்தார்கள்.

அந்தச் சித்திரையில்தான் முத்துக்கருப்பனின் அக்கா சந்தனம்மாள் தன் மகள் திரிஷாவுக்குக் கல்யாணம் வைத்தாள். இத்தனை பேர்தான் வரலாம் என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தும், உத்தமபாளையத்து மண்டபத்தில் உட்கார இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள். வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். முத்துக்கருப்பன் முதல் நாளே போய்ப் பந்தி பரிமாறுவதிலிருந்து மொய்ப் பையைப் பார்த்துக்கொள்வது வரைக்கும் தாய்மாமனாக நின்று செய்தார். அபிதாவுக்கு ஆன்லைன் பரீட்சை, போகவில்லை. சண்முகத்தாயும் போகவில்லை. வேலைக்கு வராமல் நின்றால் மலையேறுகிற பாஸ் போய்விடும் என்று எஸ்டேட் கங்காணி சொல்லிவிட்டான். தம்பி பெண்டாட்டி தன் மகள் கல்யாணத்துக்கு வராததைச் சந்தனம்மாள் மறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து வந்த முத்துக்கருப்பனுக்கு வறட்டு இருமல் இருந்தது. மருந்தடிக்கிறவனுக்கு இருமல் புதிதா என்று அவர் கண்டுகொள்ளவில்லை. பின்னாலேயே சண்முகத்தாய்க்குக் காய்ச்சல் அடித்தது. அடுத்துச் சந்தனம்மாளின் புருஷன் வீரபாண்டிக்கு மூச்சுத் திணறி, தேனிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து தெரு முழுக்க மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துப் போனார்கள். முத்துக்கருப்பன், சண்முகத்தாய், இன்னும் பல பேருக்கு நோய் இருப்பதாகத் தகவல் வந்தது. அபிதாவுக்கு இல்லை.

சந்தனம்மாள் தாலியறுத்த கோலத்தோடு தெருவில் நின்று தம்பி வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். மலைக்குப் போய் நோயை வாங்கி வந்து என் குடியைக் கெடுத்துவிட்டாளே என்று அழுதாள். தெருவாசிகள் முள்ளை வெட்டிப் போட்டு அந்த வீட்டு வாசலை அடைத்தார்கள். முத்துக்கருப்பன் உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீரபாண்டி அவருக்கு மாமன் மட்டுமல்ல; அப்பா இல்லாத குடும்பத்தில் அவரை ஆளாக்கியவர். கடைசியில் பெண்டாட்டியின் முகத்தைப் பாராமலே சொன்னார்.

"நீ தோட்டத்துக்குப் போயிரு. மோட்டார் ரூம்புல கெட. எங்க அக்கா முகத்துல நான் முழிக்கணும்."

சண்முகத்தாய் ஒரு போர்வையையும் செம்பையும் எடுத்துக்கொண்டாள். வாசல் முள்ளை ஒதுக்கிவிட்டு நின்று, "நான் என்ன வேணும்னா கொண்டாந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். அவளும் தான்தான் கொண்டுவந்தோம் என்று நம்பினாள்.

அபிதா தினமும் கஞ்சியைக் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். கிட்டே போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா வந்து எடுத்துக்கொண்டு, தூரத்தில் இருந்தே பரீட்சை எழுதினாயா என்று விசாரிப்பாள். ஒரு நாள் காலையில் முந்தின நாள் கஞ்சி வைத்த இடத்திலேயே இருந்தது. அபிதா அப்பாவின் பேச்சை மீறி உள்ளே ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போகும்போது சின்னமனூர் தாண்டுவதற்குள் சண்முகத்தாயின் மூச்சு நின்றது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கவசம் போட்ட ஆட்களே எரித்தார்கள். ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

நோய் போனது. பேச்சுப் போகவில்லை. வருஷங்கள் கழிந்தும், குழாயடியில் சண்டை வந்தால் "நோயைக் கொண்டாந்தவ மகதானே" என்ற சொல் வந்து விழும். அபிதா மதுரைக்கு மேல்படிப்புக்குப் போனதற்குப் படிப்பு பாதிக் காரணம்தான். மீதி, அந்தத் தெருவில் நடக்காமல் இருப்பது.

படிப்பை முடித்துச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே மூத்த விஞ்ஞானி மகிமா. போடி பஜாரில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். இரண்டாம் அலையில் எடுத்த சளி மாதிரிகள் உறைபெட்டிகளில் ஆயிரக்கணக்கில் மரபணு படிக்கப்படாமல் கிடந்தன. எல்லையோரப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் நோய் எத்தனை வழியில் நுழைந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த கொள்ளைநோய்க்கு அந்தக் கணக்கு உதவும் என்று மகிமா ஒரு திட்டம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார். பள்ளத்தாக்கு, கம்பம் பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்துப் பெண் என்றுதான் அபிதாவை எடுத்ததும்.

வேலை அபிதாவுக்குப் பிடித்திருந்தது. வைரஸ் ஓர் உடம்பில் பெருகும்போது தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டே போகிறது. முப்பதாயிரம் எழுத்து நீளமுள்ள நகல். எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகிய எழுத்தோடே அது அடுத்த ஆளுக்குத் தாவும். அங்கே இன்னொன்று பிசகலாம். யாரிடம் எடுத்த வைரஸில் எந்தப் பிசகு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், எது எதற்குக் கிட்டத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும். அதை மரமாக வரையலாம். அடிமரம், கிளை, கிளையில் கிளை. ஒரு நோயின் வம்சாவளி.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது. எண், ஊர், வயது, ஆணா பெண்ணா, எடுத்த தேதி, அவ்வளவுதான். ஓடைக்கரைப்பட்டியின் குப்பிகள் ஒரு நாள் வரும் என்று அபிதாவுக்குத் தெரியும். வந்தன. மற்றவற்றைப்போலவே அவற்றையும் இயந்திரத்தில் ஓட்டினாள். இயந்திரம் படித்து முடித்துக் கணினி மரத்தை வரைந்து கொடுத்தபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் எடுத்த மாதிரிகளைக் கேரளத்து ஆய்வாளர்கள் முன்பே பொதுவில் போட்டிருந்தார்கள். அவை ஒரு பக்கம் தனிக் கிளையாக நின்றன. ஓடைக்கரைப்பட்டியில் எடுத்தவற்றில் ஒன்றுகூட அந்தக் கிளையில் இல்லை. எல்லாம் எதிர்ப்பக்கத்தில், திருப்பூர் மாதிரிகளுக்கு நடுவில், ஒரே கொத்தாகத் தொங்கின.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். குப்பி மாறியிருக்குமோ என்று மறுபடி ஓட்டினாள். அதே கொத்து. நோய் மலையிலிருந்து இறங்கவில்லை. அம்மா ஏறி வந்த ஜீப்பில் அது வரவில்லை. அபிதா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அம்மாவுக்காக அவள் அழுத அழுகைகளில் சந்தோஷம் கலந்திருந்தது அது ஒன்றில்தான்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. திரும்பி வந்து அந்தக் கொத்தைப் பெரிதாக்கினாள். கல்யாணத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று வயதை வைத்தே கண்டுகொண்டாள்; அவர்களிடம் எடுத்த வைரஸ் எல்லாம் எழுத்து பிசகாமல் ஒன்றுபோல இருந்தன. அதில் ஒன்று, நாற்பத்தெட்டு வயது ஆண். ஊரும் வயதும் போதும், அது அப்பா. நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் வைரஸ் அப்படியே அப்பாவுடையது. ஓர் எழுத்து மட்டும் கூடுதலாகப் பிசகியிருந்தது. கல்யாணத்துக்கே போகாத அம்மா, அப்பாவின் கிளையிலிருந்து கிளைத்திருந்தாள்.

மகிமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவை யாருடைய மாதிரிகள் என்று சொன்னாள். பெயரில்லாத குப்பிக்குப் பெயர் வைப்பது தப்பு என்று அவர் கண்டித்திருக்க வேண்டும், கண்டிக்கவில்லை. பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலருந்து வந்துச்சுன்னு சொல்லலாம் அபிதா. ஆளுக்கு ஆள் யாரு கொடுத்தான்னு இதை வச்சு எழுதிக்கொடுக்க முடியாது. நடுவுல நாம மாதிரி எடுக்காத ஒரு ஆள் இருந்திருக்கலாம். இதை வீட்டுக்குக் கொண்டுபோகாத," என்றார்.

அபிதாவுக்கும் அது தெரியும். ஆனால் அம்மா கொண்டுவரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம் அல்லவா? அதில் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உண்மையை அப்படிப் பாதியில் முறித்துக் கொடுக்க முடியும் என்று நம்பித்தான் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

முதலில் அத்தை வீட்டுக்குப் போனாள். சந்தனம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அபிதா பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். ஆய்வுக்கூடம், மாதிரி, மரம், கிளை. அத்தை எதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். திருப்பூர் என்ற சொல் வந்ததும் அவள் கை நின்றது.

"எம் மக கல்யாணத்தச் சொல்றியா?"

அபிதா கீழே சிதறின வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"நான் பத்திரிகை வச்சுக் கூப்புட்டுச் சோறு போட்டேன். அந்தச் சோத்தத் தின்னுதான் எம் புருசன் செத்தாகன்னு சொல்ல வந்திருக்கியா? இதத் திரிஷா காதுல போட்டுராத. மாசமா இருக்கா."

பிறகு உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அபிதாவுக்குக் கோபம் வரவில்லை. அத்தைக்கு அம்மா குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பழி அவள் வாசலில் வந்து நிற்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதோடு விட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பாவாவது தெரிந்துகொள்ள வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது.

முத்துக்கருப்பன் திராட்சைப் பந்தலுக்கடியில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டின கொடியெல்லாம் காலடியில் கிடந்தது. மகளைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, அம்மா நோயைக் கொண்டாரல. மலையில இருந்த வைரஸ் வேற. நம்ம ஊருக்கு வந்தது வேற. நாங்க படிச்சுப் பாத்துட்டோம்."

கத்தரி நின்றது. அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததை அபிதா பார்த்தாள்.

"நெசமாவா ஆத்தா?"

"நெசந்தான்."

"எனக்கு அப்பவே மனசு கேக்கல. அவ நல்லவ," என்றார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மறுபடி ஒரு கொடியைப் பிடித்து வெட்டினார். அது விழுந்த பிறகு கேட்டார்: "அப்ப எங்கன இருந்து வந்துச்சு?"

அபிதா அதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை. கல்யாணத்தில் என்றாள்.

"அவ கல்யாணத்துக்கு வரலையே."

அபிதா பந்தல் கம்பியைப் பார்த்தாள்.

"நான்ல போனேன்," என்றார் முத்துக்கருப்பன்.

அவள் படபடவென்று பேசினாள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். நடுவில் யாராவது இருந்திருக்கலாம், குழாயடியில் குடத்தைத் தொட்டவர், கடைக்காரர், யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாள். மகிமா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கத்தரியைப் பைக்குள் வைத்து, பையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, பாதி வேலையில் தோட்டத்தைவிட்டு நடந்தார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

மறுநாள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். மாமாவைக் கொன்றதும் நான்தான், என் பெண்டாட்டியைக் கொன்றதும் நான்தான் என்று சொன்னார். டீக்கடையில் சொன்னார். பெண்கள் ஜீப்புக்கு நிற்கிற இடத்தில் போய், சண்முகத்தாய் கொண்டுவரவில்லை, அவளுக்குக் கொடுத்ததே நான்தான் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். பெண்டாட்டி பெயரைக் கழுவ வேண்டும் என்ற வெறி அவருக்கு. முதலில் ஊர் பாவம் என்றது. புத்தி பேதலித்துவிட்டது என்றது. பிறகு மெதுவாக அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டது.

அதைத் தூக்கி நிறுத்தியவள் சந்தனம்மாள்தான். ஆமாம், என் தம்பி இருமிக்கொண்டேதான் பந்தியில் நின்றான், அவன்தான் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்து கல்யாண வீட்டில் பரப்பினான், அவன் மகளே மெட்ராஸில் மிஷினில் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா இருமினார் என்று அபிதா சொல்லிப் பார்த்தாள். எல்லோரிடமும் ஒரே எழுத்துதான் இருக்கிறது, மண்டபத்தில் யார் முதலில் என்று எந்த இயந்திரமும் சொல்லாது என்றாள். திருப்பூருக்கும் அது வேறெங்கிருந்தோதான் வந்தது, அதற்கு முன்னால் இன்னோர் ஊர், அதற்கு முன்னால் இன்னொன்று, பின்னாலேயே போனால் முடிவே கிடையாது என்றாள். ஊருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அதற்கு ஓர் ஆள் போதும். சண்முகத்தாயைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. அவளை விட்டுவிட்டு அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஐப்பசி மழையில் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல். ஆனாலும் முத்துக்கருப்பன் நடந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். அறுப்பு நேரத்தில் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம், வாங்க வருகிற வியாபாரி யோசிக்கிறான் என்று தோட்டத்து முதலாளி நயமாகச் சொன்னார். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொல்லித்தான் அபிதாவுக்குத் தெரிந்தது. அப்பா எதுவும் சொல்வதில்லை. போன் பண்ணினால் நல்லா இருக்கேன் தாயி என்பார், வைத்துவிடுவார்.

தை மாதம் ஆய்வுக்கட்டுரை வெளியானது. கம்பம் பள்ளத்தாக்குக்குள் நோய் பல வழிகளில் நுழைந்தது, மலையேறும் தொழிலாளர்களைவிட உள்ளூர் விசேஷங்களே அதிகம் பரப்பின என்று அதில் இருந்தது. எல்லைச் சோதனைகளைப் பற்றி அரசாங்கம் மறுபடி யோசிக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் பாராட்டி எழுதினார்கள். மகிமா அபிதாவின் பெயரையும் சேர்த்திருந்தார். படத்தில் ஓடைக்கரைப்பட்டி என்று இல்லை. ஒரு நீலக் கொத்து, அதன் ஓரத்தில் தனியாக நீண்ட ஒரு சின்னக் கோடு. அபிதா அதை ஒரே ஒருமுறை பார்த்தாள். அப்பா, அம்மாவின் இரண்டு மாதிரிகளையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். உலகம் முழுக்கத் தரவை இறக்கிக்கொண்டார்கள், இனி முடியாதும்மா என்றார் மகிமா.

அவள் ஊருக்குப் போனாள், அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடுவது என்ற முடிவோடு. பகல் வெயிலில் வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. முத்துக்கருப்பன் பின்கட்டில் இருந்தார். மகள் வருவதைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஆள் பாதியாகியிருந்தார். அவள் பக்கத்தில் போகப் போக அவர் பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்.

"அங்கனயே நில்லு தாயி."

அவருக்கு நோய் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இப்போது யாருக்கும் எதுவும் தொற்றாது என்று அவள் சொன்னாள். தான் படித்த படிப்பு முழுவதையும் அந்தப் பின்கட்டில் கொட்டினாள். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். படித்த பிள்ளை சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்பதுபோலத் தலையாட்டினார். ஆனால் துண்டை அவிழ்க்கவில்லை.

"எங்கூட மெட்ராசுக்கு வாங்கப்பா. இந்த ஊரு வேண்டாம்."

"அங்கன எம்புட்டுச் சனம் இருக்கு," என்றார் துணிக்குள்ளிருந்து. "நான் வந்தா என்னத்துக்கு ஆகும்?"

 ஊர் சொன்னது பொய் என்று நிரூபித்துவிடலாம். அவரே நம்புவதை எந்த மரத்தைக் காட்டி மாற்றுவது? அதை அவருக்குக் கொடுத்தவள் அவள்தானே. அவள் அழுதாள். அவர் தேற்றக் கையை நீட்டினார், நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

சோறு ஆக்கினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார், சாப்பிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். லீவு முடிந்து அவள் பையை எடுத்தபோது, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பார்த்துப் போ என்றார். அவள் தெருவில் இறங்கி நடந்தாள். முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகளில் இப்போது அவளிடம் நல்லபடியாகப் பேசினார்கள். உங்கம்மா பாவம்மா, தங்கமான பொம்பள, அநியாயமாப் போயிட்டா என்று ஒருத்தி வாசலில் நின்று சொன்னாள். அபிதா நிற்காமல் நடந்தாள்.